நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு சிகோங்: முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணிடம் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எந்த உடம்பை வைத்துக்கொண்டு என்று யாரும் கேட்பதில்லை. நடுராத்திரியில் வியர்த்து விழித்து, அப்புறம் தூக்கம் வராமல் புரண்டு, காலையில் எழும்போதே தோளும் முட்டியும் இறுகிக் கிடக்கிற உடம்பு அது. ஓடினால் முட்டி வலிக்கிறது. குதித்தால் சிறுநீர் கசிகிறது. தரையில் உட்கார்ந்து எழுவதே ஒரு வேலையாகிவிட்டது. இப்படி இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பயிற்சி சிகோங். நின்றபடியே செய்யலாம், விரிப்பு வேண்டாம், கருவி வேண்டாம், மூச்சு இரைக்காது. இன்றைக்கே ஐந்து நிமிடம் செய்து பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெனோபாஸுக்கு, அதாவது மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கு, இது மருந்து கிடையாது. ஹார்மோனை ஏற்றும், கட்டியைக் கரைக்கும் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிகோங்கிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெளிவாக இருப்பவர்கள்தான் மூன்று மாதம் கழித்தும் விடாமல் செய்கிறார்கள். மற்றவர்கள் மூன்றாவது வாரத்தில் ஏமாந்து விட்டுவிடுவார்கள்.

எங்கிருந்து வந்தது

மெதுவான அசைவு, அமைதியான மூச்சு, அந்த இரண்டின் மேலும் வைத்த கவனம். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் அது சிகோங். 'சி' என்ற உயிராற்றல் உடம்பில் தடையில்லாமல் ஓடுவதற்கான பயிற்சி என்று சீன மரபு சொல்கிறது. அந்த விளக்கத்தை நம்பினால் சரி, நம்பாவிட்டாலும் பயிற்சி நடக்கும். முட்டியை எவ்வளவு மடக்க வேண்டும் என்பது இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான்.

சீனாவின் ஹூனான் மாகாணத்தில், சாங்ஷா நகரில் உள்ள மாவாங்துய் என்ற இடத்தில் 1973-இல் ஒரு கல்லறையை அகழ்ந்தபோது பட்டில் வரைந்த ஓவியம் ஒன்று கிடைத்தது. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. ஓவியத்தில் 44 உருவங்கள், ஆளுக்கொரு பயிற்சியில் இருக்கின்றன. அவற்றில் பெண்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே பண்பாட்டின் பழைய மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங், பெண்ணின் வாழ்க்கையை ஏழேழு ஆண்டுகளாகப் பிரிக்கிறது: 35-இல் முகம் வாடத் தொடங்கும், 42-இல் தலை நரைக்கும், 49-இல் மாதவிடாய் நிற்கும் என்று. 45-லிருந்து 55 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிறது என்று இன்றைய மருத்துவம் சொல்வதோடு அந்தக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

சிகோங் என்ற பெயர் பரவியது 1950களில்தான். அதற்கு முன் இந்தப் பயிற்சிகளுக்குப் பல பெயர்கள். பிறகு 2003-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சார்ந்த அமைப்பு, பழைய பயிற்சிகளிலிருந்து நான்கு தொகுப்புகளைத் திருத்தி வெளியிட்டது. அதில் ஒன்றுதான் நாம் கற்கப்போகும் பாதுவான்ஜின். எட்டே அசைவுகள். சோங் அரச காலத்திலேயே, அதாவது 12-ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே, இந்தப் பெயர் எழுத்தில் வருகிறது.

குவோ லின் என்ற ஓவியரையும் இங்கே சொல்ல வேண்டும். கருப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நடந்தபடியே செய்யும் ஒரு சிகோங் முறையைத் தானே உருவாக்கி, 1970களில் பெய்ஜிங் பூங்காக்களில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவர் கதையைக் காட்டி 'சிகோங் புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அறுவை சிகிச்சையை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

திடீரென உடம்பு சூடேறி, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டுகிறதே, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதி சின்ன மாற்றத்துக்குக்கூடப் பதறிப்போகிறது. கொஞ்சம் வெப்பம் ஏறினாலே தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி வியர்க்க வைக்கிறது. மூச்சைச் சீராக்கினால் இது குறையும் என்று பலகாலமாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தச் சூட்டுக்கு மூச்சுப் பயிற்சியையும் யோகாவையும் பரிந்துரைக்கவில்லை. சிகோங்கிடமும் அதையே எதிர்பார்க்க வேண்டாம். தொல்லை அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். ஹார்மோன் சிகிச்சையும் இருக்கிறது, ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. பொறுத்துக்கொள்வதுதான் பெண்ணின் கடமை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

தூக்கம், பதற்றம், களைப்பு ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்ததாகச் சில ஆய்வுகள் உண்டு. பல ஆய்வுகள் சிறியவை, தரமும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் செய்து பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை. சமநிலை விஷயத்தில் நிலைமை இன்னும் நல்லது. சிகோங்கின் நெருங்கிய உறவான தாய் சி, வயதானவர்கள் கீழே விழுவதைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றுவது இரண்டுக்கும் பொதுவானது.

எலும்புக்கு இது போதாது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது, தசையும் கரைகிறது. அதற்கு எடை தூக்கும் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. அந்த இரண்டு நாளின் இடத்தில் சிகோங்கை வைக்காதீர்கள். பயிற்சி என்ற பேச்சே வேண்டாம் என்று ஒதுங்கிய உடம்பை மறுபடி அசையப் பழக்குவதற்கு இது நல்ல வாசல், அவ்வளவுதான்.

தொடங்கும் முன்

மாதவிடாய் நின்று 12 மாதம் கடந்த பிறகு மறுபடி ரத்தப்போக்கு வந்தால், கொஞ்சமாக இருந்தாலும் சரி, பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். மெனோபாஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கும் களைப்பும் படபடப்பும் தைராய்டாகவோ, அதிக ரத்தப்போக்கால் வந்த ரத்தசோகையாகவோ இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

எலும்பு மெலிவு இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால், முதுகை வளைத்துக் குனியும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். கீழே அந்த இடம் வரும்போது சொல்கிறேன். நெஞ்சுவலி, அடிக்கடி மயக்கம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பலரும் சொல்லாமல் விடுகிற இன்னொன்று: தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் நீண்ட நேரம் கண்ணை மூடி உள்நோக்கி நிற்கும் பயிற்சிகளில் தனியாக இறங்கக் கூடாது. அளவுக்கு மீறிச் செய்து மனநிலை குழம்பியவர்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1994-இல் வெளியிட்ட கையேட்டிலேயே சிகோங்கோடு தொடர்புள்ள மனக்குழப்பம் இடம்பெற்றிருந்தது. அசைவுகளைக் கண் திறந்து, குறைந்த நேரம் செய்வது வேறு விஷயம். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

முதல் படி: இடமும் நேரமும்

இரு கையையும் விரித்தால் எதுவும் இடிக்காத இடம் போதும். காற்றோட்டம் இருக்கட்டும். இறுக்கம் இல்லாத, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய உடை நல்லது, சூடேறினால் மேலே உள்ளதைக் கழற்றிவிடலாம். வெறுங்கால் அல்லது தட்டையான செருப்பு. அருகில் ஒரு நாற்காலி. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே வேண்டாம். காலையா மாலையா என்று கேட்டால், உங்களால் தினமும் முடிகிற நேரம் எதுவோ அது.

இரண்டாம் படி: நிற்கக் கற்றல்

அவசரப்படுகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போவார்கள். வேண்டாம். சிகோங்கின் பாதி இதில்தான் இருக்கிறது.

பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, விரல்கள் நேராக முன்னோக்கி இருக்கும்படி நில்லுங்கள். எடை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் குதிகாலிலோ உள்பக்க விளிம்பிலோ இருக்கும். குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி என மூன்று இடத்திலும் எடை பரவும்வரை லேசாக முன்னும் பின்னும் அசைந்து பாருங்கள். அப்புறம் முட்டியின் பூட்டை விடுங்கள். மடக்க வேண்டியதில்லை, விறைப்பை விட்டாலே போதும். முட்டி, காலின் இரண்டாவது விரல் பார்க்கும் திசையிலேயே பார்க்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது.

அடுத்து இடுப்பு. உயரமான நாற்காலியின் நுனியில் உட்காரப் போகிற பாவனையில் வால் எலும்பைக் கீழே தளர விடுங்கள். பின்பக்கத்தை முன்னே சுருட்டித் தள்ள வேண்டாம். இப்போது வயிறு. பெண்களில் பலர் பதினைந்து வயதிலிருந்தே வயிற்றை உள்ளிழுத்துப் பழகியவர்கள். நிற்கும்போதெல்லாம் அது தானாக உள்ளே போய்விடும். அதை விடுங்கள், தொப்பை தெரிந்தால் தெரியட்டும். வயிற்றை விடாமல் மூச்சு கீழே இறங்காது, மூச்சு இறங்காமல் தோளும் இறங்காது.

தோளைக் காதிலிருந்து விலக்கித் தொங்க விடுங்கள். அக்குளில் ஒரு முட்டை வைத்தாற்போல் கைக்கும் உடம்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. மோவாயைச் சற்றே உள்ளிழுத்தால் கழுத்தின் பின்பக்கம் நீளும். நாக்கு நுனி மேல்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டபடி இருக்கட்டும். கண்ணை மூட வேண்டாம், எதிரே தரையில் ஓரிடத்தில் பார்வையை வையுங்கள்.

முதல் நாள் ஒரு நிமிடம் நின்றால் போதும். தொடை நடுங்கும், தோள் எரியும், மனம் அடுப்படிக்கும் ஆபீசுக்கும் போய் வரும். நடுக்கம் வந்தால் சற்று நிமிருங்கள். இரண்டு வாரத்தில் மூன்று நிமிடம் எளிதாகிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டிய அவசியம் தொடக்கத்தில் யாருக்கும் இல்லை.

மூன்றாம் படி: மூச்சு

இரு கைகளையும் தொப்புளுக்கு மூன்று விரல் கீழே வையுங்கள். சீன மரபில் தான்தியேன் என்று சொல்லும் இடம் அது. மூக்கால் மூச்சை இழுக்கும்போது கை சற்று முன்னால் வரும், விடும்போது உள்ளே போகும். இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி நிறுத்து என்று கணக்குப் போட்டால் பதற்றம் கூடுகிறவர்களே அதிகம்.

மூச்சை அடக்கவே வேண்டாம். தலை கிறுகிறுத்தால் நீங்கள் வலிந்து இழுக்கிறீர்கள் என்று பொருள். வழக்கமான மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில ஆசிரியர்கள் மூச்சை இழுக்கும்போது அடிப்பகுதியைச் சுருக்கி மேலே தூக்கச் சொல்வார்கள். தொடக்கத்தில் அது தேவையில்லை. சிறுநீர் கசிவு இருக்கும் பலர் அந்தத் தசையை நாள் முழுக்க இறுக்கியே வைத்திருக்கிறார்கள். இறுக்கத் தெரிவதைப் போலவே தளர்த்தவும் தெரிய வேண்டும். மூச்சு உள்ளே வரும்போது அடிவயிறு முழுவதும் தளர்ந்து விரிவதை மட்டும் கவனியுங்கள். கருப்பை இறக்கம் இருந்தால் முட்டியை அதிகம் மடக்கி நிற்பது வேண்டாம். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்பது நல்லது.

நான்காம் படி: உதறல்

அதே நிலையில் நின்று, முட்டியிலிருந்து உடம்பை மெதுவாக மேலும் கீழும் குலுக்குங்கள். குதிகால் தரையிலேயே இருக்கட்டும். கை, தோள், தாடை எல்லாம் தளர்ந்து ஆடட்டும். ஒன்றிரண்டு நிமிடம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். இறுகிய தோளுக்கு இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் படி: முதல் நான்கு அசைவுகள்

பாதுவான்ஜினின் எட்டையும் ஒரே நாளில் கற்க முயன்றால் கையும் காலும் குழம்பும். முதலில் நான்கு. ஒவ்வொன்றும் ஆறு முறை. பக்கம் மாறும் அசைவுகளில் பக்கத்துக்கு மூன்று.

வானைத் தாங்குதல். அடிவயிற்றின் முன் விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மூச்சை இழுத்தபடி மார்புவரை உயர்த்துங்கள். அங்கே உள்ளங்கையைத் திருப்பித் தலைக்கு மேலே தள்ளுங்கள். விலா இரண்டு பக்கமும் விரிவது தெரியும். மூச்சை விட்டபடி கைகளைப் பிரித்துப் பக்கவாட்டில் இறக்கி, முட்டியைச் சற்று மடக்குங்கள். தோள் இறுகிப்போய்க் கை தூக்க முடியாத நிலை இந்த வயதில் நிறையப் பெண்களுக்கு வருகிறது. அப்படியானால் விரலைக் கோக்காமல், வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மூக்கு உயரம்தான் வருகிறதா? அதுவே இன்றைய வானம்.

வில் இழுத்தல். இடது காலை அகல எடுத்துவைத்து முட்டியை மடக்குங்கள், ஆழம் வேண்டாம். மணிக்கட்டுகளை மார்பின் முன் குறுக்காக வையுங்கள். இடக்கையின் ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, கட்டைவிரலை விரித்து, மற்ற மூன்றையும் மடக்கி இடப்பக்கம் தள்ளுங்கள். வலக்கை நாணை இழுத்து வலது மார்புக்கு வரும். பார்வை இடது ஆள்காட்டி விரலைத் தாண்டித் தூரத்தில். பிறகு பக்கம் மாற்றுங்கள். நாள் முழுக்கக் கணினி முன்னோ சமையல் மேடை முன்னோ முன்னால் சரிந்து கிடக்கும் தோள்களுக்கு இந்த அசைவு நன்றாக வேலை செய்யும்.

ஒற்றைக் கை உயர்த்தல். ஒரு உள்ளங்கை தலைக்கு மேலே தள்ள, இன்னொன்று இடுப்புக்குப் பக்கத்தில் தரையை அழுத்த, இரண்டும் எதிரெதிராகப் போகும். மேலே போகிற கையைவிடக் கீழே அழுத்துகிற கையைக் கவனித்தால் முதுகு தானாக நீளும்.

பின்னால் பார்த்தல். கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி, தோளைப் பின்னால் விரித்து, தலையை மட்டும் திருப்பிப் பின்னே பாருங்கள். இடுப்பு திரும்பக் கூடாது. கழுத்துத் தேய்மானமோ தலைசுற்றலோ இருந்தால் பாதி தூரம் போதும்.

ஆறாம் படி: மீதி நான்கு

முதல் நான்கும் யோசிக்காமல் வரத் தொடங்கிய பிறகு இவற்றுக்கு வாருங்கள். இந்த நான்கில்தான் நடுவயது உடம்புக்கான மாற்றங்கள் அதிகம் தேவைப்படும்.

ஐந்தாவது, தலையையும் வாலையும் ஆட்டுதல். மூல வடிவத்தில் கால்களை அகல விரித்து, ஆழமாக மடக்கி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் கீழே கொண்டுபோய் மறுபக்கம் சுழற்றி எழ வேண்டும். முட்டியையும் தலைசுற்றலையும் நினைத்தால் தொடக்கத்தில் இது தேவையில்லை. கைகளைத் தொடையில் ஊன்றி, உடம்பை நிமிர்த்தியே வைத்து, எடையை இடதுக்கும் வலதுக்கும் மாற்றிக்கொண்டே வால் எலும்பால் சின்ன வட்டம் போடுங்கள். சில மாதம் கழித்து வட்டத்தைப் பெரிதாக்கலாம்.

ஆறாவதில் கைகள் முதுகில் இறங்கி, காலின் பின்பக்கம் வழியாகப் பாதத்தைத் தொட வேண்டும். எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனிந்தால் முதுகெலும்பின் முன்பக்கம் அழுத்தம் ஏறி முறியும் அபாயம் உண்டு. அவர்கள் முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து, தொடை இடுப்போடு சேரும் இடத்தில் மட்டும் மடங்கி, கை முட்டிவரை போனால் நிறுத்திவிடலாம். மற்றவர்களும் முதல் மாதம் அப்படியே செய்யலாம். பாதத்தைத் தொட்டால் பரிசு எதுவும் இல்லை.

ஏழாவது எனக்கு மிகவும் பிடித்தது. கால்களை அகற்றி, கட்டைவிரலை உள்ளே மடக்கி இரண்டு முஷ்டியையும் இடுப்பில் வைத்து, ஒரு முஷ்டியை மெதுவாக முன்னே செலுத்துங்கள், கண்ணை அகல விழித்து முறைத்தபடி. பிறகு விரல்களை விரித்து, மணிக்கட்டைச் சுழற்றி, எதையோ பிடித்து இழுப்பதாக முஷ்டியை மறுபடி இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். செலுத்தும்போது மூச்சை விடுங்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துவைக்கவே கூடாது. இந்தக் காலகட்டத்தில் காரணம் தெரியாமல் எரிச்சல் வருகிறது என்று நிறையப் பெண்கள் சொல்கிறார்கள். காரணம் நன்றாகத் தெரிந்தும் சொல்ல முடியாத எரிச்சலும் உண்டு. முறைத்துப் பார்க்க அனுமதி இருக்கிற பயிற்சி வேறு எது?

எட்டாவது, குதிகால். இரண்டு குதிகாலையும் உயர்த்தி, ஒரு கணம் நின்று, லேசான அதிர்வோடு இறக்க வேண்டும், ஏழு முறை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொள்ளலாம். கசிவோ மூட்டுவலியோ எலும்பு மெலிவோ இருந்தால் அதிர்வு வேண்டாம், மெதுவாக இறக்குங்கள். கெண்டைக்காலுக்கும் சமநிலைக்கும் அதிலேயே வேலை கிடைத்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் சட்டென்று போனை எடுக்காமல், கைகளை அடிவயிற்றில் வைத்து ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளங்கையைத் தேய்த்து முகத்தில் ஒற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு கணக்கு

முதல் இரண்டு வாரம் நிற்றல், மூச்சு, உதறல் மட்டும், ஐந்திலிருந்து ஏழு நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு நாளுக்கு ஒன்று என்று முதல் நான்கு அசைவுகளைச் சேருங்கள். ஐந்தாவது வாரம் முடியும்போது மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக மீதி நான்கு. மூன்றாவது மாதத்தில் வீடியோவைப் பார்க்காமல் முழுத் தொகுப்பையும் 15 முதல் 20 நிமிடத்தில் செய்ய வரும். வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் என்பதைவிடத் தினமும் ஏழு நிமிடம் மேல்.

வீடியோ பார்த்துக் கற்பவர்கள் ஆசிரியரின் முழு உடம்பும் தெரிகிற, ஒரு அசைவைப் பின்பக்கத்திலிருந்தும் காட்டுகிற பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஒருவருடையதையே மூன்று மாதமும் பின்பற்றுங்கள். ஒவ்வொரு பயிற்சி மரபிலும் கை நிலை சற்று மாறும். எது சரி என்று ஆராயப் போனால் பயிற்சி நின்றுவிடும்.

என்ன தோன்றும்? கை சூடாகும், விரல்நுனி குறுகுறுக்கும், கொட்டாவியும் ஏப்பமும் வரும், சில நாள் அழுகைகூட வரும். எதற்கும் பெரிய அர்த்தம் தேட வேண்டாம், எதுவும் தோன்றாவிட்டாலும் குறையில்லை. குத்தும் வலி, நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கம் மரத்துப்போதல், மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மோசமான நாட்கள்

நடுவில் சூடேறினால் கைகளை இறக்கி, உள்ளங்கையை வெளியே திருப்பி, சன்னல் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். சில நிமிடத்தில் அடங்கும். அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இல்லையென்றால் அன்றைக்கு அதோடு முடிக்கலாம்.

ரத்தப்போக்கு அதிகமான நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்தபடி முதல் நான்கை மட்டும் செய்யுங்கள். கையும் மூச்சும் அதே விதம், கால் மட்டும் ஓய்வில். நடுராத்திரி விழித்துவிட்டால் எழுந்து முழுத் தொகுப்பையும் செய்யக் கிளம்பாதீர்கள், தூக்கம் இன்னும் விலகிப் போகும். படுத்தபடியே கையை அடிவயிற்றில் வைத்து மூச்சை மட்டும் பாருங்கள். தூங்குவதற்காகச் செய்கிறோம் என்று நினைக்காமல் செய்தால் நல்லது, நினைத்தால் தூக்கம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே விழித்திருப்போம்.

ஆசிரியரைத் தேடும்போது

மூன்று மாதம் தனியாகச் செய்த பிறகு ஆசிரியரிடம் போனால், என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். முட்டி வலிக்கு எந்த அசைவை எப்படி மாற்றுவீர்கள், இடுப்புத்தளப் பிரச்சினை உள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். பதிலில் விவரம் இருக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், தன் கையிலிருந்து ஆற்றலை அனுப்பி நோயைத் தீர்ப்பதாகச் சொல்பவர், ரகசியப் பாடத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 1980களில் சீனாவில் சிகோங் மோகம் தலைக்கேறி, அற்புத சக்தி காட்டுவதாகச் சொன்ன குருமார்கள் ஏராளமாகக் கிளம்பினார்கள். அந்த வகையினர் இன்னும் முழுதாக ஓயவில்லை.

முன்னேற்றத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. தொடங்கும் நாளில், சுவருக்குப் பக்கத்தில் நின்று, ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்க முடிகிறது என்று இரண்டு காலுக்கும் குறித்துக்கொள்ளுங்கள். கை சுவரைத் தொட்டால் அதோடு கணக்கை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை மறுபடி பாருங்கள். மூன்றாவது மாதம் முடிந்ததும், அந்த விநாடி கூடியிருந்தாலும் கூடாவிட்டாலும், வாரத்தில் இரண்டு நாள் எடைப் பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது, இரண்டு கையிலும் சின்ன எடை எடுத்து உயர்த்துவது போதும். உதறலை அதற்கு முன்னாலும், அடிவயிற்றில் கை வைத்து நிற்பதை அதற்குப் பின்னாலும் வைத்துக்கொள்ளலாம்.